“ஆள் இருக்கிறா, ஆனா இல்லை”: மூதூர்ப் பக்கத்து இளம் தாய் ஒருவரின் விலகல் நிலை பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். ஒரு இளம் தாயோடும் அவருடைய குடும்பத்தோடும் 2023 ஏப்ரலிலிருந்து 2024 செப்டெம்பர் வரை செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கும் பயன்படட்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருத்துவர்கள் டிஸோசியேஷன் என்று சொல்வதற்கு விலகல் நிலை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். நினைவு, உணர்வு, உடம்பு, ‘நான்’ என்ற எண்ணம் எல்லாம் சாதாரணமாக ஒன்றோடொன்று சேர்ந்தே இயங்குகின்றன. தாங்க முடியாத ஒன்று வரும்போது அந்தச் சேர்க்கை விட்டுப்போகிறது. லேசான அளவில் இது எல்லோருக்கும் உண்டு. பஸ்ஸில் யோசனையில் இருந்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோமே, அது இந்த வகைதான். பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே நூறு வருடங்களுக்கு முன்பே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு இன்றைக்கும் இரண்டு பெயர்தான் இருக்கின்றன: வலிப்பு, இல்லாவிட்டால் பேய்.

பின்னணி

மூதூர் கிழக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2006இல் சண்டை மூண்டபோது அவருக்கு 12 வயது. ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று சனத்தோடு சனமாக நடந்து மட்டக்களப்புக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அந்த நடையில் தகப்பனை இழந்தார். பிறகு கிளிவெட்டி முகாமில் சில வருடங்கள். சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. 2006 பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. அது அவருடைய கதை.

கணவர் கடற்தொழில். மூத்தது மகள், அப்போது 9 வயது. இளையவனுக்கு 4. மாமியாரும் கூடவே இருக்கிறார். இவர் வீட்டில் தையல். வருடத் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைத் துணி கைக்கு வந்ததும் இரவு பகலாகத் தைப்பார், அந்த ஒன்றிரண்டு மாத வருமானம் வீட்டுக்குப் பெரிய துணை.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. கணவர் நாள் கணக்கில் கடலுக்குப் போகவில்லை, கடன் ஏறியது. அந்த ஜூன் மாதம், மண்ணெண்ணெய்க் கியூவில் கான் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றபோது பின்னாலிருந்து சனம் தள்ளியது. கத்தலும் நெரிசலும். அவர் அப்படியே விழுந்து கை கால் அடித்துக்கொண்டார். வலிப்பென்று நினைத்து யாரோ கையில் இரும்புத் திறப்பைத் திணித்தார்கள். ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுக்கப்பட்டது. அந்த வருடம் மருந்துத் தட்டுப்பாடும் சேர்ந்திருந்ததால் பல தடவை வெளியே பார்மசியில் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

மாத்திரைக்கு நித்திரை வந்ததே தவிர விழுவது நிற்கவில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை என்று கூடியது. வருடக் கடைசியில் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். மூன்று இரவு. தேசிக்காய் வெட்டி, புகை போட்டு, வேப்பிலையால் அடித்து, கடைசி இரவு பிரம்பாலும் அடித்து. அதற்காக அடகு வைத்த சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

முதல் சந்திப்பு, 2023 ஏப்ரல்

அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “மிஸ், இவ வலிப்புக்கு மருந்து எடுக்கிறா. ஆனா எனக்கு வலிப்பு மாதிரித் தெரியேல்ல. ஒருக்கா வந்து பாருங்கோ.” பிள்ளைகளின் நிறை பார்க்கப் போகிற வீட்டில் தாயின் முகத்தையும் பார்த்த அந்த உத்தியோகத்தருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பக்கத்து வளவில் யாரோ தகரப் படலையைப் படாரென்று சாத்தினார்கள். கோப்பையை நீட்டிய கை பாதியில் நின்றது. கண் திறந்திருந்தது, பார்வை என் தோளைத் தாண்டிக் கிடுகு வேலியில் இருந்தது. சின்னவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், அசைவில்லை. உள்ளேயிருந்து மகள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தாயின் கையிலிருந்து கோப்பையை இரண்டு கையாலும் பக்குவமாக வாங்கி நிலத்தில் வைத்தாள், தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், குசினிக்குள் போய் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கினாள். திரும்பி வந்து என்னிடம், “கொஞ்ச நேரத்தில வந்திடுவா” என்றாள்.

நான்கு நிமிடம் இருக்கும். அம்மா கண்ணைச் சிமிட்டினார், வெறுங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்து, “தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா மிஸ்?” என்று கேட்டார். நான் குடிக்கவே இல்லை.

இந்தக் காட்சியை அன்றைக்கே என் கொப்பியில் எழுதினேன், தாயைப் பற்றி மட்டும். மகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் சொன்னவற்றை அவருடைய சொல்லிலேயே தருகிறேன். “கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாதிரி. நீங்க கதைக்கிறது கேக்குது, ஆனா தூரத்தில கேக்குது.” “என்ட கை என்ட கை மாதிரி இல்ல. ஆரோ தைக்கினம், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.” ஜனவரியில் ஒரு நாள் வெள்ளைச் சீருடைத் துணியில் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்து, துணியில் என்ன கறை என்று தேடியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெசின் ஊசி தன் சுட்டுவிரலில் ஏறியிருந்தது தெரிந்ததாம். வலிக்கவே இல்லை. விரலை எனக்குக் காட்டினார், நகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு.

கணவர் சொன்னது ஒரு வசனம்தான்: “ஆள் இருக்கிறா மிஸ், ஆனா இல்லை.”

வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, வெருட்டுகிறார்களா என்று அவரைத் தனியாக வைத்துக் கேட்டேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் நேரடியாகவே கேட்டேன். இந்த இரண்டு கேள்வியையும் முதல் நாளே கேட்க வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது. வீட்டில் அடி இல்லை. சாகிற எண்ணம் இல்லை, “ஆனா இப்பிடியே இருந்து என்ன” என்று சொன்னார். மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். போகவில்லை. “விசர் கிளினிக்கு” என்று ஊர் சொல்லும் என்ற பயம் மாமியாருக்கு.

இரண்டாம் சந்திப்பு, 2023 மே: நான் விட்ட பிழை

இந்த ஆய்வை எழுதுவதற்கே இந்தப் பகுதிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் என் அறைக்கு வந்தார். கணவர் வெளியே வாங்கிலில் இருந்தார். மனதில் இருப்பதைக் கொட்டினால் பாரம் குறையும் என்பது எங்களுக்கு ஊறிப்போன நம்பிக்கை. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் கண்ணை மூடச் சொல்லி ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொன்னேன். பிறகு, “அந்த நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ” என்றேன்.

மூன்று வசனம் சொன்னார். நாலாவது வசனம் சின்னப் பிள்ளையின் குரலில் வந்தது. பிறகு கதிரையிலிருந்து சரிந்தார். 25 நிமிடம். கண்ணை இறுக்கி மூடியபடி தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவர் தோளைப் பிடித்திருந்தேன். அதுவும் பிழை. பிடிக்கப் பிடிக்க உடம்பு இன்னும் முறுக்கியது. தெளிந்தபோது எந்த இடம் என்று தெரியாமல் அழுதார். கணவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு கிழமை வரவில்லை. என் தொலைபேசியும் எடுக்கவில்லை.

பிழை எங்கே என்பதைச் சொல்கிறேன். விலகல் நிலை இருப்பவரைக் கண்ணை மூடச் சொன்னால், அவரை இந்த அறையோடு கட்டி வைத்திருக்கிற கடைசிக் கயிற்றையும் நாங்களே அவிழ்த்து விடுகிறோம். நான் அவிழ்த்துவிட்டு, அந்த நேரம் பார்த்துப் பழைய கதையையும் கேட்டேன். மனவடு, அதாவது பெரிய அதிர்ச்சி மனதில் விட்டுப்போன காயம், தொடர்பான சிகிச்சையில் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் பாதுகாப்பும் நிலைப்படுத்தலும். கதைக்குள் போவது பிறகு, அதுவும் அவர் விரும்பினால். இந்த ஒழுங்கை நான் படித்திருந்தேன். அன்றைக்கு மறந்தேன்.

2023 ஜூலை: டச்பே

ஜூலையில் ஒரு நாள் அவர் சிப்பும் பொத்தானும் வாங்கத் தனியாக பஸ் ஏறிக் கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கு வந்தார். காலை பத்து மணிக்கு பஸ் நிலையத்தில் இறங்கியது ஞாபகம். அடுத்த ஞாபகம் டச்பே கடற்கரை, பின்னேரம், காலில் செருப்பு இல்லை. கையில் பை இருந்தது, பையில் சிப் இருந்தது, கடை பில் துண்டும் இருந்தது. ஆக, கடைக்குப் போய் விலை கேட்டு, காசு கொடுத்து, மிச்சமும் வாங்கியிருக்கிறார். எதுவும் நினைவில்லை. கடற்கரையில் வடை விற்கிற அம்மா ஒருவர் அவரைத் தன் பக்கத்தில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, கைத்தொலைபேசியில் கடைசியாக இருந்த இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார். இப்படி நேரம் தொலைந்து போவதும் விலகல் நிலையின் ஒரு வடிவம். பக்கத்தில் நிற்பவருக்கு அந்த ஆள் சாதாரணமாக நடமாடுவதாகவே தெரியும்.

அன்று இரவு கணவர் எனக்கு எடுத்தார். “மிஸ், நீங்க சொன்ன கிளினிக்குக்குப் போவம்.”

வலிப்பா, வேறா: முடிவு எடுக்கப்பட்ட விதம்

கணவரிடம் ஒரு வேலை சொன்னேன்: அடுத்த முறை விழும்போது, பக்கத்தில் ஆபத்தான சாமான் இல்லாமல் பார்த்துக்கொண்டு, தொலைபேசியில் வீடியோ எடுங்கள். மனைவியின் சம்மதத்தோடு எடுத்தார். எந்தப் பரிசோதனையும் சொல்லாததை அந்த வீடியோ சொல்லிற்று.

மாவட்ட வைத்தியசாலை மனநலக் கிளினிக்கில் மருத்துவர் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். கண் இறுக மூடியிருந்தது. மூளையிலிருந்து வருகிற வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்திருக்கும். ஆட்டம் இருபது நிமிடம் நீண்டது, இடையிடையே நின்று நின்று வந்தது. மற்ற வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட காயம் ஒரு தடவைகூட இல்லை. தெளிந்ததும் அழுகை. இவற்றில் எந்த ஒன்றும் தனியே போதாது, எல்லாம் சேர்ந்துதான் ஒரு படத்தைத் தருகின்றன. நரம்பியல் மருத்துவரிடமும் அனுப்பினார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்கிற ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள், சாதாரணமாக இருந்தது. ஒரு ஈ.ஈ.ஜி. சாதாரணமாக இருப்பதால் மட்டும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது, ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். எல்லாவற்றையும் வைத்து, இது விலகல் நிலை வலிப்பு, கூடவே தன்னிலிருந்து தான் விலகி நிற்கும் உணர்வும் நேர இழப்பும் இருக்கிறது, அடியில் 2006இன் மனவடு இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்ப நான் நடிக்கிறன் எண்டு சொல்லுறீங்களா?”

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். வராவிட்டாலும் நாங்கள் பதில் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: “இல்லை அம்மா. நடிக்கிறது உங்கட கையில இருக்கிற விஷயம். இது உங்கட கையில இல்லை. உண்மையாத்தான் நடக்குது. மூளையில காயம் இல்லை, அதனால திரும்பி வர இடம் இருக்கு.” பிறகு நான் வீட்டில் கணவருக்கு ட்ரிப் சுவிட்சைக் காட்டி விளங்கப்படுத்தினேன். கரண்ட் தாங்காத நேரம் வீடு எரியாமல் இருக்க சுவிட்ச் விழுகிறது. 2006இல் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அதுதான் காப்பாற்றியது. இப்போது படலைச் சத்தத்துக்கும் விழுகிறது, அதுதான் பிரச்சினை. அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

வலிப்பு மாத்திரையை மருத்துவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இதை யாரும் வீட்டில் தாங்களாகச் செய்யக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம். விலகல் நிலைக்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வுக்கும் நித்திரையின்மைக்கும் வேறு மருந்து தொடங்கினார்கள்.

கிளினிக் பற்றி இரண்டு வரி. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் உழைப்பு போய்விடும், துணைக்கு வருகிறவரின் நாளும் சேர்த்து. வரமுடியாத இரவுகளில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணிநேரமும் இருக்கிறது. கணவர் ஒரு தடவை அதற்கு எடுத்துப் பேசினார்.

வீட்டில் செய்தவை, 2023 ஓகஸ்ட் முதல்

இந்த முறை பழைய கதையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். முதலில் ஆபத்தைக் குறைத்தோம். கிணற்றுக் கட்டு தாழ்வாக இருந்தது. கணவர் மரப்பலகையால் மூடி செய்தார். சின்னவனைக் குளிப்பாட்டுவது தகப்பன் அல்லது மாமியார் வேலை. எண்ணெய்ச் சட்டி பின் அடுப்பில். தனியாக இருக்கும்போது மெசினில் தைப்பதில்லை, கைத்தையல் மட்டும்.

அடுத்தது திரும்பி வருகிற வழி. கண்ணால் காண்கிற ஐந்து, தொடுகிற நான்கு, கேட்கிற மூன்று என்று எண்ணும் பயிற்சியைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுப்போம். அவருக்கு அது சரிவரவில்லை. அந்த நிலையில் எண்ண முடியவில்லை, எண்ண முடியாதது பயத்தைக் கூட்டியது. வாசனை நல்லது என்று நினைத்து ஒரு தேசிக்காயைக் கையில் கொடுத்தேன். முகம் வெளிறிப்போயிற்று. அந்த மூன்று இரவும் வெட்டியது தேசிக்காய்தானே. எனக்கு அது உறைக்கவில்லை. அப்புறம் என்ன பிடிக்கும் என்று அவரையே கேட்டேன். சித்தாலேப என்ற மூலிகைத் தைலப் போத்தலைக் காட்டினார். அதற்குப் பிறகு அது எப்போதும் சட்டைப் பையில்.

கடைசியில் நின்றது இதுதான்: வெறுங்காலைச் சீமெந்து நிலத்தில் அழுத்துவது, சித்தாலேபவை மணப்பது, கண்ணைத் திறந்து வைத்தபடி ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொல்வது. வசனத்தை அவரே கட்டினார். “இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் என்ட குசினியில நிக்கிறன். என்ட மகளுக்கு ஒன்பது வயசு.” கிழமை மட்டும் மாறும். மகளின் வயதை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். “எனக்கே பன்னிரண்டு வயசெண்டால் எனக்கு எப்பிடி ஒன்பது வயசில மகள் இருப்பா? அதைச் சொன்னா நான் இப்ப பெரிய ஆள் எண்டு தெரியும்” என்றார். நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்காத விளக்கம் அது.

கொஞ்சம் வரும்போதே பிடித்தால் இது வேலை செய்தது. முழுதாகப் போன பிறகு வேலை செய்யவில்லை. அதனால் வருகிற அறிகுறிகளைக் கண்டுபிடிப்பதில் பல கிழமைகள் செலவழித்தோம். அவருக்கு முதலில் சத்தம் தூரமாகும், பிறகு உதடு மரக்கும், பிறகுதான் கண்ணாடி வரும். உதடு மரக்கும்போதே காலை அழுத்த வேண்டும்.

வீட்டாருக்குச் சொன்னது: உலுக்க வேண்டாம், இறுக்கிப் பிடிக்க வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், வாய்க்குள்ளோ கையிலோ எதையும் திணிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து மெதுவாகப் பெயரையும் இடத்தையும் சொல்லிக்கொண்டிருங்கள். வழக்கத்துக்கு மாறான ஆட்டம், மூச்சுத் தடை, தலையில் அடிபட்டால் யோசிக்காமல் வைத்தியசாலை.

கோவில் விஷயம்

மாமியாரைச் சேர்க்காமல் எதுவும் நடக்காது என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது. அவர் ஊர் அம்மன் கோவில் சடங்கில் தெய்வமாடுகிறவர். “நான் ஆடினா சாமி, இவ ஆடினா வருத்தமா?” என்று என்னை நேரே கேட்டார். நியாயமான கேள்வி. கும்பம் ஊர்வலம் போகிற இரவில் திருகோணமலைத் தெருக்களில் பறைக்கும் பாட்டுக்கும் தன்னை மறந்து ஆடுகிறவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். அவர்களில் யாரும் நோயாளிகள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும், ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்குக்குள் வருகிற ஆவேச நிலை நோயாகக் கணக்கெடுக்கப்படுவதில்லை. மாமியாரிடம் இப்படிச் சொன்னேன்: “அம்மா, உங்களுக்கு அது கோவிலில, சடங்கு நாளில வருது. முடிஞ்சதும் போகுது. உங்களுக்கு அது சந்தோசம். இவவுக்கு அடுப்படியில வருது, பிள்ளையைக் கையில வைச்சிருக்கேக்க வருது, இவ விரும்பேல்ல.” நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப அடிச்சது பிழைதான்” என்றார்.

அம்மன் கோவில் பூசாரி ஐயாவையும் போய்ப் பார்த்தேன். திருநீறு போட்டு, தேசிக்காய் இல்லாமல், ஒரு நிமிடத்தில் வேண்டுதல் முடித்து, “கிளினிக் மருந்தையும் விடாத பிள்ளை” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு என்னுடைய பத்துச் சந்திப்புகளின் பலன் இருந்தது. இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை.

டிசம்பர் மழை

நவம்பர் வரை நன்றாகப் போனது. விழுவது கிழமைக்கு ஒன்றாகக் குறைந்தது. டிசம்பரில் மழை விடாமல் பெய்து வளவுக்குள் வெள்ளம் ஏறியது. இரவு, கரண்ட் இல்லை, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பக்கத்து வீட்டுக்கு நடந்தபோது அவர் போய்விட்டார். விழவில்லை. பிள்ளையோடு றோட்டில் ஏறி, எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கியிருக்கிறார். கணவர் ஓடிப் பிடித்தார். மறுநாள் இரண்டு தடவை விழுந்தார், அந்தக் கிழமை முழுக்கக் குழம்பிப்போயிற்று.

படலைச் சத்தம், சன நெரிசல் என்று தூண்டும் விஷயங்களை எழுதி வைத்திருந்தோம். இரவில் தண்ணீருக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அந்தத் தாளில் இல்லை. கிழக்குக் கரையில் வருடா வருடம் வருகிற மழையை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. பிறகு குடும்பத்தோடு பேசி, மழைக்காலத்தில் பிள்ளைகளைத் தூக்குவது கணவர், அவர் கடலில் என்றால் அயலில் இருக்கும் தங்கச்சி முறையானவர், வீட்டில் மழை எச்சரிக்கை கேட்டவுடனேயே பகலில் இடம் மாறுவது என்று முடிவு செய்தோம்.

மகள்

2024 பெப்ரவரியில் வகுப்பாசிரியர் கணவரைக் கூப்பிட்டு, பிள்ளை கிழமையில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை என்றார். வயிற்று வலி என்று கடிதம் கொடுத்திருக்கிறாளாம். கடிதத்தை அவளே எழுதியிருக்கிறாள். நான் அவளோடு திண்ணையில் இருந்து பேசினேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். திகதி, நேரம், எவ்வளவு நேரம் என்று அம்மா ‘போன’ ஒவ்வொரு தடவையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள், 2022 செப்டெம்பரிலிருந்து. என் கொப்பியைவிட அது ஒழுங்காக இருந்தது. அப்பா கடலுக்குப் போகிற நாட்களில் பள்ளிக்குப் போகாமல் நின்றிருக்கிறாள். “நான் போனா ஆர் சட்டியை இறக்குறது?”

அந்தக் கேள்விக்கு வளர்ந்தவர்கள் பதில் செய்தோம். காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை யார் வீட்டில் என்று கிழமை அட்டவணை போட்டு, மாமியாரும் அயல் தங்கச்சியும் பொறுப்பெடுத்தார்கள். அம்மாவே மகளை இருத்தி, “இது உன்ட வேலை இல்ல மகள்” என்று சொன்னார். சொல்லும்போது காலை நிலத்தில் அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பள்ளியில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் கிழமைக்கு ஒரு தடவை அவளோடு பேசுகிறார்.

2024 செப்டெம்பரில் இருந்த நிலை

ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை விழுந்தது இரண்டு தடவை. கண் திறந்தபடி ‘போவது’ ஒரு நாளில் பல தடவை இருந்தது, கிழமையில் சில தடவையாகக் குறைந்திருக்கிறது, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வருகிறார். மணிக்கணக்கில் நேரம் தொலைவது டச்பேக்குப் பிறகு நடக்கவில்லை, ஆனால் அவர் இன்னும் தனியாகத் திருகோணமலைக்கு வருவதில்லை. மெசினில் தைக்கிறார், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது. கிளினிக் மருந்து தொடர்கிறது.

ஓகஸ்டில் ஒரு சந்திப்பில், சட்டை ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டே, நான் கேட்காமல், தகப்பனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பத்து நிமிடம். இரண்டு தடவை தானே நிறுத்தி, சித்தாலேபவை மணந்துவிட்டு, தொடர்ந்தார். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, “இவ்வளவுதான் இண்டைக்கு” என்றார். சரி என்றேன்.

மறுபடி இப்படி ஒருவர் வந்தால்

கண்ணை மூடும் பயிற்சி எதையும் முதல் மாதங்களில் கொடுக்க மாட்டேன். 2006 பற்றியோ, சுனாமி பற்றியோ, வேறெதைப் பற்றியோ அவர் தொடங்காமல் நான் தொடங்க மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் யாருடைய வரலாறு என்ன என்பது கிராமத்தின் பெயரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். உதவி செய்ய அந்தப் பாதி போதும்.

வீடியோவை முதல் கிழமையே கேட்பேன். மூன்று மாதம் தாமதித்தேன், அந்த மூன்று மாதமும் அவர் தேவையில்லாத மாத்திரையைக் குடித்தார். வேப்பிலை, தேசிக்காய், புகை என்று ஏற்கெனவே என்னென்ன நடந்தது என்பதைக் கேட்டறிந்த பிறகுதான் எந்தப் பொருளையும் கையில் கொடுப்பேன். பூசாரியையும் மாமியாரையும் தொடக்கத்திலேயே போய்ப் பார்ப்பேன்.

பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இப்போது முதல் நாளே ஒன்று செய்கிறேன். “இவ இப்பிடி இருக்கிற நேரம் அடுப்பை ஆர் பாக்கிறது, சின்னதை ஆர் தூக்கிறது?” என்று கேட்கிறேன். எந்தப் பிள்ளையின் பெயர் வருகிறதோ, அந்தப் பிள்ளையோடு அன்றைக்கே, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன், தனியாக இருந்து பேசுகிறேன்.